பெல்ட்டில் தடவிய விளக்கெண்ணெய்

அன்பு மகன் வெற்றிவேலுக்கு அம்மா மங்கம்மாள் எழுதுவது. நான் நடமாட்டமாக இருக்கிறேன், உனக்கு அந்த ஊர் வெயிலில் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் காகிதம். எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

உன் பெண்சாதி அருணா போனைப் பார்த்துத் தானே கார் இன்ஜினுக்கு பெல்ட் மாற்றினாள் இல்லையா, போல்ட்டைத் தளர்த்தி, வெடித்துப்போன பழசைக் கழற்றி, புதுசை மாட்டிக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். மருமகள் இன்ஜினுக்குள் கையை விட்டு நிற்கிறாளே என்று எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. வண்டியைக் கிளப்பினால் புது பெல்ட் கீச்சென்று கத்தியது. "ரெண்டு நாள் பாக்கலாம் அத்த, அப்பவும் கத்துனா இறுக்கிக்கலாம்" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. உன் அப்பா இருந்தவரை மாட்டுவண்டி அச்சு கத்தினால் நான்தானே கோழி இறகில் விளக்கெண்ணெய் தொட்டுப் போடுவேன், அவள் குளிக்கப் போன நேரத்தில் பெல்ட் நெடுக அப்படியே தடவி விட்டேன். சத்தம் நின்றது, நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே அவள் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக் குப்பம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகையில் மலை வளைவில் இன்ஜின் கொதித்து வண்டி நின்றது, டிராக்டரில் கட்டித்தான் வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். பொம்பள கை வச்சா இப்பிடித்தான் என்று ஊர் கேட்கக் கத்தியதும் நான்தான், உனக்குப் போன் போட்டதும் நான்தான். நீ திட்டினாய், அவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பிள்ளையோடு கண்ணமங்கலம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும் என்றுதான் இருந்தேன், கல்யாணமான மூன்றாம் நாள் என் சாமைச் சோறு தொண்டையில் குத்துகிறது என்றவள்தானே.

நேற்று குப்பம்மா சொல்லி சந்தவாசல் மெக்கானிக் தங்கவேல் ஒரு பெல்ட்டோடு வந்தான். உன் அப்பா சாவுக்கு ஜீப் கொண்டுவருகிறேன் என்று சொல்லி வராதவன், பதினோரு வருஷமாக நான் முகம் பார்க்காதவன். வண்டி மூடியைத் திறந்து பழைய பெல்ட்டை விரலால் தொட்டு முகர்ந்தான். "இன்னா பெரிம்மா, பெல்ட்டுல வெளக்கெண்ணெயா? வழுக்கினா தண்ணி பம்பு எப்பிடி சுத்தும், கொதிக்காம இன்னா பண்ணும்? மாட்டுனவங்க நல்லாத்தான் மாட்டிக்கீறாங்க" என்றான். அவன் வாயாலா அதை நான் கேட்க வேண்டும். அந்த வளைவில் வண்டி பின்னால் உருண்டிருந்தால் அருணா, குப்பம்மா, உன் பிள்ளை, மூன்று உயிர் வெற்றிவேல். என் கை செய்த வேலை.

நீ முதலில் அவளிடம் பேசு, எண்ணெய் தடவியது அம்மா என்று சொல். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நானே கண்ணமங்கலம் போகிறேன். சாமைச் சோறு பேச்சை இனி எடுக்க மாட்டேன், மறந்துவிட்டேன் என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, நீயும் உன் குடும்பமும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். தங்கவேல் புது பெல்ட்டைத் தானே மாட்டித் தருகிறேன் என்றான், நான் விடவில்லை, மாட்டத் தெரிந்தவள் எங்க வூட்டில் இருக்கிறாள் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அதுவும் சாவியும் என் பையில் இருக்கின்றன.

உன்னைப் பெற்ற
மங்கம்மாள்
நெல்லிவாசல்நாடு