எலுமிச்சம்பழத்தை மட்டும் சொல்லலை

அம்மாவுக்கு ஜெயப்ரியா எழுதறேன். உன் முழங்கால் வலி குறைஞ்சுதா? அப்பா மாத்திரையை மறக்காம போடறாரா? நான் நல்லாத்தான் இருக்கேன். போன்ல சொன்னா ரூம் முழுக்கக் கேட்கும், அதான் எழுதறேன்.

இங்க மத்திகிரியில என்கூடத் தங்கியிருக்கிற ரம்யா, நீ காய்ச்சிக் கொடுத்த சீயக்காய் சோப்பை நான் தலைக்குப் போடறதைப் பார்த்துட்டு, கம்பெனி பஸ்ல எல்லார் முன்னாடியும் "துணி சோப்புக்காரி"ன்னு கூப்பிட்டா. பஸ்ஸே சிரிச்சுது.

ஆயுத பூஜை அன்னைக்குக் காலையில அவ ஷாம்பு தீர்ந்துபோச்சு. பட்டுப்புடவை கட்டி, முடியை விரிச்சுவிட்டு, மெஷின் பக்கத்துல போட்டோ எடுக்கணுமாம். "உன் சோப்பைக் குடுடி"ன்னு கேட்டா. சிரிச்சுக்கிட்டே கொடுத்தேன். இந்த உப்புத் தண்ணிக்குக் கடைசியா எலுமிச்சம்பழம் பிழிஞ்சு அலசலைன்னா முடி பிசுபிசுன்னு ஒட்டிக்கும்னு நீ சொன்னியே, அதை மட்டும் சொல்லலை. சீப்பே இறங்கலைம்மா. முடி கத்தாழை நார் மாதிரி திரிதிரியா நின்னுது. போட்டோவுல அவ மட்டும் மெஷினுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறா.

"உனக்கு மட்டும் எப்படிடி பளபளன்னு இருக்கு?"ன்னு கேட்டா. "விடாம போடு, பழகிடும்"னேன்.

திட்டாதே. இங்க தலைக்குத் தண்ணி ஊத்திவிட யாருமில்லை, நானே ஊத்திக்கிறதுல கண்ணெல்லாம் எரியுது.

பஸ் வந்துடுச்சு. ஊர்லேர்ந்து இங்க வேலைக்குத் திரும்பற ராஜ்குமார் அண்ணன்கிட்ட சோப்பு ரெண்டு கொடுத்தனுப்பு, ரம்யாவுக்கும் ஒண்ணு வேணுமாம். எலுமிச்சம்பழம் ஒரு தலைக்குப் போதும்.

உன் மகள்,
ஜெயப்ரியா