பாக்கியத்தின் பெயரில் வேறொருத்தி

கங்காணியாரே,

இன்று காலை ஒன்பது மணிக்கு அலுமாரியைத் திறந்தபோது உங்கள் முழங்கால் தைலத்தின் வாசனை வந்தது. என்னிடம் தைலப் போத்தல் எதுவும் இல்லை. உங்கள் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த அந்தக் கையடக்க விளையாட்டுக் கருவியிலிருந்துதான் வந்தது. பொத்தான்களின் இடுக்கில் இன்னும் ஒட்டியிருக்கிறது. மார்ச் பத்தாம் திகதி, திங்கட்கிழமை, உங்கள் கருமாதி முடிந்ததும் மகள் அதை என் கையில் தந்தார். "அப்பாவும் நீங்களும் இந்த கேம்ல என்ன நல்லது, என்ன கெட்டதுன்னு கொப்பியில எழுதுவீங்களாமே, அத எனக்கு அனுப்புங்க ஐயா" என்றார். அனுப்புவதாகச் சொன்னேன். இன்று ஏப்ரல் இரண்டு. அனுப்பவில்லை. அதன் காரணத்தை முதலில் உங்களுக்கே எழுத வேண்டியிருக்கிறது.

முழங்கால் உங்களை வீட்டில் உட்காரவைத்த பிறகு மகள் கொழும்பிலிருந்து வாங்கி அனுப்பிய கருவி அது. செவ்வாயும் வெள்ளியும் நான் பதுளையிலிருந்து பத்து மணி பஸ்ஸில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு வருவேன். ஆங்கிலத்தை நான் வாசித்துச் சொல்ல, பொத்தான்களை நீங்கள் அழுத்துவீர்கள். கட்டம் போட்ட நிலத்தில் நம்மவர் பன்னிரண்டு பேர், எதிரே பகைவர். நாம் ஒரு முறை நகர்த்தினால் அவர்கள் ஒரு முறை. அதன் தலையாய சிறப்பை முதல் நாளே பிடித்துக்கொண்டீர்கள். "நாம யோசிச்சு முடிக்கிற வரைக்கும் எதிரி கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான் பாருங்க. நம்ம தொரை ஒரு நாளாச்சும் இப்பிடி நின்னிருப்பாரா?"

கொப்பியின் வலப்பக்கம் நிறைகள், இடப்பக்கம் குறைகள். மேட்டில் நிற்பவனுக்குக் காவல் அதிகம் என்பது நிறை. வெட்டு விழுமா விழாதா என்பதைத் தாக்குமுன்னரே கணித்துச் சொல்வது நிறை. பல போர்களில் அருகருகே நின்ற இருவர் நாளடைவில் தமக்குள் பேசத் தொடங்குவது, நான் தயக்கத்தோடும் நீங்கள் உடனேயும் ஒப்புக்கொண்ட நிறை. குறைகளோ எனக்கு அதிகம் தெரிந்தன: எறும்பளவு எழுத்து, அரசர்களின் அலுப்பூட்டும் கதை, எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க இயலாமை, வரைபடத்தின் ஓரத்தில் முன்னறிவிப்பின்றிப் பகைவர் முளைப்பது, எல்லாவற்றையும் தானே பதிந்துகொள்வதால் ஒரு தவறையும் திருத்த முடியாமை. இறந்தவர் இறந்தவரே என்பதைச் சிவப்பு மையால் எழுதினேன். நீங்கள் ஒப்பவில்லை. "செத்தவங்க எந்திரிச்சு வருவாங்கன்னா நான் எதுக்குங்க பாத்து நடத்தணும்?"

நீங்கள் நடத்தியது அப்படித்தான். அந்தப் பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்கு, உங்கள் கீழ் கொந்தரப்பில், அதாவது ஒப்பந்தக் கூலிக்கு, வேலை செய்த பழைய ஆட்களின் பெயர்கள். காயம் ஆற்றும் பெண்ணுக்கு மறைந்த உங்கள் மனைவியின் பெயர், பாக்கியம். அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் நின்ற ஈட்டிக்காரனுக்கு உங்கள் பெயர். கருவியைத் திறந்ததும் தோட்டத்தில் விடியலில் ஆட்களைக் கூப்பிட்டதுபோலவே பெரட்டு எடுப்பீர்கள்; ஒவ்வொரு பெயராகச் சத்தமாக. பிறகுதான் விளையாட்டு.

பெப்ரவரி ஆறாம் திகதி, வியாழக்கிழமை, உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கருவியை என்னிடம் தந்து, "பெரட்டு மட்டும் எடுத்துடுங்க ஐயா. சண்டைக்குக் கூட்டிட்டுப் போயிராதீங்க" என்றீர்கள்.

"ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

ஐந்து நாள் பார்த்துக்கொண்டேன். பதினோராம் திகதி சண்டைக்குப் போனேன். ஒரு களத்தை முடிக்க நீங்கள் நாற்பது முறை நகர்த்துவீர்கள்; கருவி உங்களுக்குக் கடைசித் தரத்தையே கொடுக்கும்; நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பதினைந்து முறைக்குள் முடித்து, முதல் தரத்தை உங்கள் கட்டிலருகே கொண்டுவந்து காட்ட விரும்பினேன். காயம் ஆற்றுபவள் நடையில் மந்தம் என்று அவளைக் களத்தின் பாலத்தடியில் விட்டுவிட்டு, ஈட்டிக்காரனை முன்னால் அனுப்பினேன். நீங்களாக இருந்தால் பாலத்தில் ஓர் ஆளை நிறுத்தியிருப்பீர்கள். பன்னிரண்டாம் முறையில், குறையென்று நானே எழுதிவைத்த அந்த ஓரத்திலிருந்து, இரண்டு குதிரைவீரர்கள் வந்தார்கள். அவள் விழுந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. பதினான்காம் முறையில் வென்றேன். கருவி இசை முழங்க முதல் தரம் தந்தது.

அடுத்து நான் செய்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது. புதிதாகச் சேர வந்த வேறொரு பெண்ணை எடுத்து, அதே எட்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினேன். முப்பத்தொரு வருடம் தோட்டத்துக் கிளாக்கராக இருந்தவன் நான். பெரட்டில் ஒருவர் பெயருக்கு இன்னொருவர் நின்றால், காரணம் கேட்காமல், அன்றைய கூலிக்குப் பேர் போடாமல் திருப்பி அனுப்பியவன்.

பதினான்காம் திகதி வீடு திரும்பினீர்கள். கட்டிலில் சாய்ந்தபடி பெரட்டு எடுத்தீர்கள். பாக்கியம் என்றதும் சற்று நிறுத்தினீர்கள். அவளைக் கொண்டுபோய் ஈட்டிக்காரனுக்குப் பக்கத்தில் நிறுத்தினீர்கள். முன்பெல்லாம் பேசிக்கொண்ட அந்த இருவரும் திரையில் பேசவில்லை.

"ஐயா, சண்டைக்குப் போனீங்களா?"

"இல்லை கங்காணியார், போகேல்லை."

"அப்பிடிங்களா."

திரையில் அவளை இன்னொரு முறை உற்றுப் பார்த்தீர்கள். பிறகு, "புதுப் புள்ள மாதிரி தெரியுது. பரவால்லைங்க, இவளும் யாரோ பெத்த புள்ளதானே" என்று சொல்லி, அவளை மேட்டுக்குப் பின்னால், காவலான கட்டத்தில் வைத்தீர்கள். எனக்குத் தேநீர் ஊற்றச் சொன்னீர்கள். சீனி அரைக் கரண்டி என்பதையும் மறக்கவில்லை.

அதன் பின் பதினெட்டாம் திகதியும் இருபத்தோராம் திகதியும் வந்தேன். பஸ் பிந்தியதைப் பற்றிச் சொன்னேன். மழையைப் பற்றிச் சொன்னேன். இருபத்துமூன்றாம் திகதி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

அந்தப் பெயரையாவது அழித்துவிடலாம் என்று கருவியைக் குடைந்து பார்த்தேன். ஒருமுறை இட்ட பெயரை மாற்ற வழியில்லை. முன்பானால் கொப்பியில் குறைகளின் இடப்பக்கத்தில் உடனே எழுதியிருப்பேன். இன்று அந்தப் பக்கத்தின் அடியில் வேறொன்றை எழுதினேன்: "பெப்ரவரி பதினொன்று. உங்கள் அம்மாவின் பெயரில் இருந்தவளை என் அவசரத்தால் இழந்தேன். அப்பெயரை வேறொருத்திக்குப் போட்டேன். அப்பா கேட்டபோது பொய் சொன்னேன். இது விளையாட்டின் குறை அன்று." கொப்பியை உறையிலிட்டு மகளின் முகவரி எழுதிவிட்டேன். தபாற்கந்தோர் நான்கு மணிவரை திறந்திருக்கும்.

கருவி என்னிடமே இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் பெரட்டு எடுக்கிறேன், சண்டைக்குப் போவதில்லை. பாக்கியம் என்று கூப்பிட்டுப் பொத்தானை அழுத்தியதும் அந்தப் பெண், தன் பெயர் அதுதான் என்ற நம்பிக்கையோடு, ஓரடி முன்னால் வந்து நிற்கிறாள். அவளை விட்டு அடுத்த பெயரைக் கூப்பிட எனக்குச் சற்று நேரம் ஆகிறது.