நாலு சென்டிமீட்டர்

மார்ச் 4

மூட்டுவலிக்கென்று ஒரு மருத்துவமனை கட்டுகிறோம். பொறியாளர் நான். நடைப்பயிற்சி அறை மூன்றாவது மாடியில். ஏப்ரல் 20 திறப்பு. லிஃப்டோ இன்னும் பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. முழங்கால் வலிக்கிறவர்களை அறுபத்தாறு படி ஏறச் சொல்லிவிட்டு நான் கீழே நின்று கைதட்ட வேண்டியதுதான்.

லிஃப்ட் நிறுவனத்துக்காரர் எதைக் கேட்டாலும் "மெயில் போட்டிருக்கேனே மேடம்" என்பார். அதனால் எனக்கு அவர் 'மெயில்'. லிஃப்ட் ஓட வேண்டிய இடத்தை அளந்துவிட்டு, அகலம் நாலு சென்டிமீட்டர் குறைகிறது என்றார்.

"டேப்ப நல்லா இழுத்துப் பிடிங்க சார், வரும்" என்றார் காண்ட்ராக்டர்.

"இழுத்தா டேப்பு வரும். சுவர் வருமா?" என்றார் மெயில்.

மார்ச் 6

நானே அளந்தேன். மெயில் சொன்னது சரி.

காண்ட்ராக்டரை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். "லிஃப்ட் இடத்த அகலமாக்கி மாத்தின டிராயிங்க பிரிச்சாவது பாத்தீங்களா?"

"எனக்கு வந்தது இதுதான் மேடம்."

"உங்களுக்கு எதுதான் வந்திருக்கு? என் ஃபோன்கூட வராது!"

சிரித்தார்கள். எனக்கு அப்போது நன்றாகத்தான் இருந்தது.

தலைமைப் பொறியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "யார் தப்புன்னு எழுத்துல குடுங்க. அவங்க அடுத்த கட்டடத்துல கிடையாது."

மார்ச் 7

வீட்டுப்பாடம் முடிந்ததா என்று மகளைக் கேட்டேன். "முடிஞ்ச மாதிரிதாம்மா. எழுதறது மட்டும்தான் பாக்கி." இவளுக்கும் ஒரு கட்டடம் கொடுக்கலாம்.

மார்ச் 8

காண்ட்ராக்டரை மாட்டிவைக்கப் பழைய மெயில்களைக் கிளறினேன். நவம்பரில் மாற்றிய வரைபடம் லிஃப்ட் நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. காண்ட்ராக்டருக்கு —

போகவில்லை. கோப்பு பெரிது, அனுப்ப முடியாது என்று அன்றைக்கே கணினி சொல்லியிருக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது யார்? நான்தான். நாலு மாதமாக அந்தக் கடிதம் அடியில் 'அன்புடன்' என்று என் பெயரோடு, அனுப்பாதவற்றின் பட்டியலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 9

அழிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மார்ச் 10

எனக்கு வரவில்லை என்று காண்ட்ராக்டர் இனிமேல் சத்தியம் செய்தாலும் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லையே.

காலையில் இவர் கேட்டார்: "ரெண்டு நாளா ஃபோன்ல யாரையும் திட்டல. உடம்பு சரியில்லையா?" சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "அந்த மனுஷன் பொழப்பு போயிடுமே."

தெரியாதா எனக்கு?

மார்ச் 11

திட்டிய அதே இடத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். "டிராயிங் அவருக்கு அனுப்பவே இல்ல. தப்பு என்னோடது." மெயில் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அடுத்த கட்டடத்துக்கு வேறு ஆள் பார்ப்பதாகத் தலைமைப் பொறியாளர் சொன்னார்.

காண்ட்ராக்டர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"உள்பக்கம் பூச்சு ரெண்டு சுவர்லயும் ரெண்டு ரெண்டு சென்டிமீட்டர். உரிச்சிட்டா நாலு வந்துடும். உள்ள யாரு மேடம் எட்டிப் பாக்கப் போறாங்க?"

நாலு வருஷம் பொறியியல் படித்தது நானா, அவரா?

ஏப்ரல் 20

லிஃப்டில் முதலில் ஏறிய பெரியம்மா மூன்றாவது மாடியில் இறங்க மறுத்துவிட்டார். "இன்னொரு தடவ போலாமா?"

மே 6

புதுக் கட்டடத்துக்கும் என்னையே போட்டிருக்கிறார்கள். காண்ட்ராக்டர் தலைமைப் பொறியாளரிடம் போய்ச் சொன்னாராம்: "அந்த மேடமே இருக்கட்டும் சார். தப்பு பண்ணா அவங்களே ஒத்துக்கறாங்க. நாங்க தேடி அலைய வேண்டியதில்ல." இது பாராட்டா, என்ன?

இன்று வரைபடங்களை அச்செடுத்து, அவர் கையிலேயே கொடுத்துக் கையெழுத்துக் கேட்டேன். "படிச்சிட்டுத்தான் போடுவேன் மேடம்" என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம். வெயிலில் நின்றேன்.

எட்டாவது தாளில் விரலை வைத்தபடி நிமிர்ந்தார்.

"மேடம், இந்த ரூமுக்குக் கதவு எங்க?"