இன்னும் சுருதி நிற்கவில்லை

ஹீலோ, செவ்வாய்

அன்புள்ள உனக்கு,

பக்கவாதத்துக்குப் பிறகு உன் இடது கைக்குப் பயிற்சி தர உன்னை ஹொனலுலுவில் விட்டுவந்து மூன்று வாரமாகிறது. இனி வாசிக்க வராது என்று உன் நாலு தந்தி உகுலேலேயைப் பக்கத்து வீட்டுக் கெயோகிக்குக் கொடுத்துவிடச் சொன்னாய். இன்னும் கொடுக்கவில்லை.

பழைய தந்திகளைக் கழற்றி மெல்லியவற்றை மாட்டினேன். மிருதுவானவை என்று கடைக்காரர் சொன்னதை நம்பாமல், வலுக்குறைந்த என் இடது சுண்டுவிரலால் அழுத்திப் பார்த்தேன். முதல் நாள் விரலுக்கடியில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஒலி சுத்தமாக வருகிறது.

புதுத் தந்தி இழுபட்டுச் சுருதி நிற்க ஒரு வாரமாகும் என்று கெயோகியிடம் சொல்லியிருந்தேன். நேற்று மறுபடி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"அக்கா, பதினெட்டு நாளாச்சு! இன்னுமா இழுபடுது? அது தந்தியா, மீன் வலையா?"

"மழைக் காத்துப்பா. ஹீலோல எதுதான் சீக்கிரம் நிக்குது?"

சிரித்தான். "சரி, அண்ணன் நேர்ல வந்து வேணாம்னு சொல்லட்டும். அப்ப வாங்கிக்கிறேன்." பப்பாளியை வைத்துவிட்டுப் போனான்.

அதனால் நீ வந்துதான் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒருமுறை அழுத்திப் பார். முடியாவிட்டால் பரவாயில்லை; உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுத்துகிறேன். வலது கையால் நீ மீட்டு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரி