மெதுவாக்கிய தப்பு

சனிக்கிழமை, ஆடி, 2006. விடாத மழை.

புதுக் கம்பியூட்டரில் என் பழைய ரெக்கோடிங் சொப்ட்வெயார் ஓடவில்லை. அதற்குப் பதிலாக எதை வைத்துக்கொள்வது என்று பார்க்க ஹட்டனிலிருந்து இரண்டு சீடி கொண்டுவந்திருந்தேன். முதலாவதில் பாட்டை மெதுவாக்கினால் சத்தமும் கட்டையாகிக் கெட்டுப்போனது. இரண்டாவது சத்தத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைக்குமாம். மத்தியானம் அதைச் சோதிக்க, போன வருஷத் திருவிழாவில் அண்ணன் தப்பு மேளம் அடித்த ரெக்கோடிங்கைப் போட்டேன். வேகத்தைப் பாதியாக்கி, ஸ்பீக்கரையும் கூட்டிவைத்தேன். மெதுவாகிவிட்டால் அது சாவுத் தப்பு என்று எனக்குத் தெரியாதா? புத்தி எங்கே போனதோ.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கதவைத் தட்டினார்கள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராக்கம்மா அக்கா, மழைக்குத் தலையில் சாக்கோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் வாசலுக்கு வந்திருந்தது.

“தம்பி, யாரு தவறிட்டாங்க? எந்த வீட்ல?”

“யாருமில்லக்கா. கம்பியூட்டர்தான்.”

அவள் நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

“ஒங்கண்ணன் கைதானே இது” என்றாள். பிறகு சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

உடனே நிறுத்திவிட்டேன். காதுக்குள் மட்டும் நிற்கவில்லை.

எடுத்தால் இந்தச் சொப்ட்வெயாரைத்தான் எடுக்க வேண்டும். இவ்வளவு சுத்தமாக வேறொன்றும் செய்யாது. அதுதான் பயமாக இருக்கிறது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தப்படிக்க அண்ணனை விட்டால் வேறு ஆள் இருந்ததில்லை. தை மாசம் அவர் தவறியபோது, தப்புச் சத்தமே இல்லாமல்தான் தூக்கிக்கொண்டு போனோம். இன்றைக்குத்தான் அவருக்குச் சாவுத் தப்பு அடித்திருக்கிறது. அதையும் அவரேதான் அடித்துக்கொண்டார்.