நம் சமன்பாட்டை வெறும் கணக்கு என்றார்கள்

அரைத்த நெல் புளித்த வாசம் உனக்கு ஆகவே ஆகாது. ஈரப்பதம் பார்க்கும் மீட்டரின் கிண்ணத்தை நான் திறந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதக் கழுவவே மாட்டியாடி?" என்பாய். இன்று காலை அந்தக் கிண்ணத்தைத் திறந்தேன். இன்னும் கழுவவில்லை. நாம் கடைசியாகச் சேர்ந்து அரைத்துப் பார்த்த சம்பா நெல் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது, வாசமும் லேசாக இருக்கிறது. பக்கத்தில் கணினித் திரையில் காப்புரிமை அலுவலகத்தின் உத்தரவு. நம் விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உன்னிடம் கத்தினால்தான் அடங்கும். அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் அந்த நாற்பத்தெட்டில்தான் ஆரம்பித்தது. நீடாமங்கலத்தில் தராசும் மீட்டரும் பழுது பார்க்கும் என் பட்டறைக்கு, கும்பகோணத்துக் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நீ சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வருவாய். அப்படி ஒரு தை மாதச் சனிக்கிழமையில் ஒரு விவசாயி, பழுது பார்த்துக் காட்டுகிறேன் என்று அரிசி ஆலையில் சண்டை போட்டு வாங்கி வந்த மீட்டரோடு உள்ளே வந்தார். அவர் கண்ணெதிரே ஈரம் பதினாறு என்று காட்டிய மீட்டர், சீட்டு அச்சடிக்கும்போது நாற்பத்தெட்டு என்று அடித்திருக்கிறது. ஆலை மேலாளர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். "என் நெல்லு என்ன ஆத்துல முங்கிக் குளிச்சுட்டா வந்துச்சு? நீங்களே சொல்லுங்கம்மா" என்று அவர் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து இரண்டு எண்களையும் கணினி எழுதுவது போலப் பூஜ்ஜியமும் ஒன்றுமாக எழுதினாய்.

"ரெண்டுக்கும் ஒரே ஒரு எடத்துலதான்டி வித்தியாசம். பூஜ்ஜியம் இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணு வந்துருச்சு. நாப்பத்தெட்டுங்கறதால இவரு சண்டை போட வந்தாரு. வேற எடத்துல மாறி இருபதுன்னு வந்திருந்தா? யாருக்குச் சந்தேகம் வரும்?"

ஆலையின் பெரிய மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் ஒரு கணம் விழுகிறது, அந்தக் கணத்தில் நினைவகச் சில்லில் எழுதப்படும் எண் கெட்டுப்போகிறது என்று நான் கண்டுபிடித்தேன். கெட்ட எண்ணைத் திருத்தும் வழி உலகத்துக்குத் தெரியாததல்ல. எண்ணோடு சில காவல் எண்களையும் சேர்த்து எழுதி வைத்தால், எந்த இடம் மாறியது என்று பிறகு தெரிந்துவிடும். ஆனால் நம் ஊர் மின்சாரம் விழுந்தால் பக்கத்துப் பக்கத்து இடங்களெல்லாம் சேர்ந்து கெட்டன, காவல் எண்களும் கூடவே போயின. எல்லா எண்ணுக்கும் ஏகப்பட்ட காவல் போட அந்தச் சின்னச் சில்லில் இடம் கிடையாது. ஆறு மாதம் முட்டி மோதினோம்.

பிறகு உன் அண்ணன் வயலில் குறுவை நடவு. வரப்பில் நின்றபடியே எனக்கு போன் செய்தாய். நாற்று முடிச்சுகளை வயலில் வீசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து நடவுக்கு வந்த அக்கா ஒருவர், "பள்ளத்துல ரெண்டு முடிச்சு கூடப் போட்டு வைங்கடி, அங்கதான் தண்ணி நின்னு அழுகும்" என்று சத்தம் போட்டாராம். நீ மூச்சு வாங்கப் பேசினாய். "எல்லா எண்ணுக்கும் ஒரே அளவு காவல் எதுக்குடி? கரண்ட் எப்ப விழுந்துச்சோ அப்ப எழுதுனதுக்கு மட்டும் கூடப் போடுவோம். எவ்ளோ விழுந்துச்சோ அவ்ளோ கூட." எவ்வளவு கூட, எந்த இடத்தில் என்று சொல்வது உன் சமன்பாடு. எழுதும் கணத்தில் மின்னழுத்தத்தை அளந்து அந்தச் சமன்பாட்டுக்குக் கொடுப்பது என் மின்சுற்று. அதைப் பொருத்திய பிறகு அந்த ஆலை மீட்டர் ஒரு போகம் முழுக்கத் தப்பாக ஒரு சீட்டு அடிக்கவில்லை.

விண்ணப்பம் எழுதும்போதுதான் நமக்குள் சண்டை. நாம் உரிமை கோருவது எது என்று சொல்லும் முதல் வாசகத்தில் உன் சமன்பாட்டை மட்டும் வைத்தாய். சில்லும் இல்லை, சுற்றும் இல்லை. கணக்குக்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. "சிப்பு இன்னிக்கு ஒண்ணு வரும், நாளைக்கு ஒண்ணு வரும். இது மாறாதுடி" என்றாய். நான் இரண்டு வாரம் பேசவில்லை. மூன்றாவது வாரம் வந்து, "உன் மூஞ்சியப் பாக்க சகிக்கல" என்று சொல்லி, ஒன்பதாம் பக்கத்தில் என் சுற்றைப் பற்றி ஒரு பத்தியும் ஒரு படமும் சேர்த்தாய்.

காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தபோது நீ தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தாய். கணித முறைக்கும் கணக்கிடும் படிமுறைக்கும் காப்புரிமை கிடையாது, சட்டத்தின் மூன்றாம் பிரிவு அப்படிச் சொல்கிறது என்று நான் படித்துக் காட்டினேன். "கணக்குன்னா அவ்வளவு எளக்காரமா?" என்று நீ போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து நீயே சொன்னாய்: "சட்டம் சரிதான்டி. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு எவனாவது வேலி போட்டா நானே போயிப் புடுங்கிப் போடுவேன். நாம அதையா கேட்டோம்?" இதை விடாதே என்று நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் விடுவேன் என்ற நினைப்பே உனக்கு வந்திருக்காது. ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகு சென்னையில் காப்புரிமை முகவர் ஒருவரைப் பிடித்தேன். விண்ணப்பத்தில் புதிதாக எதையும் நுழைக்க முடியாது, ஏற்கெனவே எழுதியிருப்பதைக் கொண்டு கோரிக்கையைக் குறுக்கிக்கொள்ளலாம் என்றார். உன் ஒன்பதாம் பக்கம் மட்டும் இல்லையென்றால் அன்றே கதை முடிந்திருக்கும். அந்தப் பத்தியை எடுத்து முதல் வாசகத்தில் சேர்த்தோம். அப்புறம் அவர் இன்னொரு யோசனை சொன்னார். "சமன்பாட்டை மொத்தமா எடுத்துடலாம் மேடம். சர்க்யூட் மட்டும்னா அது உங்களோடது. கண்டுபிடிச்சவர்னு உங்க பேர் ஒண்ணு போதும். அவங்கதான் இப்ப இல்லையே." நான் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. உன்னிடமிருந்து கற்ற வசவுகள்தான்.

விசாரணை காணொளியில் நடந்தது. பட்டறையில் உட்கார்ந்தே பேசினேன். அதிகாரி தன்மையான மனிதர்.

"இந்தக் கணக்க ஒருத்தர் பேப்பர்ல போட முடியுமா, முடியாதாம்மா?"

"போடலாம் சார். ஆனா பேப்பர்ல கரண்ட் விழாது. பேப்பர்ல எழுதுன பதினாறு தானா இருபது ஆகாது."

அவர் குறித்துக்கொண்டார். சமன்பாட்டை நீக்கச் சம்மதமா என்று கேட்டார். திரையின் இன்னொரு கட்டத்தில் முகவர் தலையைத் தலையை ஆட்டுகிறார், ஒத்துக்கொள் என்று. "அத எடுத்தா வோல்டேஜ் பாக்கற சர்க்யூட்தான் சார் மிச்சம். அது எந்தக் கடையிலயும் கெடைக்கும். எண் கெடாம இருக்கறது ரெண்டும் சேர்ந்ததாலதான்" என்றேன். உன் சமன்பாட்டை எந்தப் பிள்ளையும் பரீட்சையில் போடட்டும், எந்த வாத்தியாரும் கரும்பலகையில் எழுதட்டும். மின்சாரம் விழும் கணத்தில் ஒரு சில்லுக்குள் அது செய்கிற வேலையைத்தான் நாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்கிறோம் என்றும் சொன்னேன். முகவரைப் பார்க்காமலே முழுதாகச் சொல்லி முடித்தேன்.

அதற்குத்தான் இன்று காலை பதில் வந்திருக்கிறது. காரணம் சொல்லும் பகுதி மொத்தம் நான்கு வரி. புதுமை கணக்கீட்டில் மட்டுமே இருக்கிறதாம், ஆகவே மறுக்கப்படுகிறதாம். பத்து மணிக்கு முகவர் கூப்பிட்டார். மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம் அவகாசம் இருக்கிறது, உயர் நீதிமன்றம் போக வேண்டும், பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் விட்டுவிடுவார்கள் என்றார். மேல்முறையீடு போட எனக்கு மூன்று நாள் போதும் என்று சொல்லி போனை வைத்தேன்.

நீ விடைத்தாள் திருத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ஒரு தாளிலும் வெறுமனே பெருக்கல் குறி போட்டு நீ தள்ளியதில்லை. எந்த வரியில் பிசகியது என்று தேடி, அதைச் சுற்றி வட்டம் போட்ட பிறகுதான் மதிப்பெண்ணைக் குறைப்பாய். "தப்புன்னு சொல்றவ எந்த வரின்னு காட்டணும். காட்ட முடியலன்னா தப்பு என்னோடது" என்பாய். இப்போது என்னிடம் இருப்பது அதுதான். சமன்பாடு உன் அளவுக்கு எனக்கு என்றைக்குமே புரிந்ததில்லை. ஆனால் எந்த வரி என்று கேட்கத் தெரியும். நீதிமன்றத்திலும் அதையேதான் கேட்கப் போகிறேன். அங்கேயும் இல்லை என்றால் அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது.

மத்தியானம் முகவர் மேல்முறையீட்டின் வரைவை அனுப்பினார். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் நம் இருவர் பெயர்களும் இருந்தன. உன் பெயருக்கு முன்னால் மட்டும் 'மறைந்த' என்று ஒரு சொல் போட்டிருந்தார். அதைச் சுற்றி வட்டம் போட்டு, அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.