கார்மென்ட்ஸ் பிள்ளை

வெள்ளி
நெடுந்தீவு. சோளகக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. லீவில் வந்து இரண்டாம் நாள்.
வேலைகள்: முற்றம் கூட்ட, பலகாரத்துக்கு மா அரிக்க, வாயை மூட.
கடைசி வேலை அம்மா தந்தது. தங்கை வதனிக்குப் புங்குடுதீவில் மாப்பிள்ளை. தாய் தகப்பன் இன்று நாள் குறிக்க வருகிறார்கள்.
"கார்மென்ட்ஸில வேலையெண்டு சொல்லு பிள்ளை. நேவியெண்டு வாய் திறந்திடாத."
ஊருக்கு நான் எப்போதும் கார்மென்ட்ஸ்தான். வதனி படித்தது மட்டும் நேவிச் சம்பளத்தில்.
வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் கேட்டார்: "என்ன தைக்கிறனீர்?"
"சட்டைக் கொலர்."
சிரித்துக்கொண்டே சொன்னேன். தூ.
பின்னேரம் படகு இல்லை, காற்று. எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள்.

சனி
விடியவே அந்தத் தாய்க்கு நெஞ்சுவலி. குளிர்ந்த வியர்வை. "உடன யாழ்ப்பாணம் கொண்டுபோகவேணும்" என்றார் டொக்டர். பயணிகள் படகு ஓடாது. நேவி முகாம் வாசலுக்கு எல்லோரும் ஓட்டம். காவலில் நின்றவருக்குத் தமிழ் தெரியாது. தகப்பனுக்குச் சிங்களம் தெரியாது.
அம்மா என் முதுகில் இடித்தார். "போ, போய்க் கதை."
இப்போது மட்டும் வாய் திறக்கலாம்!
சிங்களத்தில் சொன்னேன். என் நேவி இலக்கம், எந்த முகாம், நோயாளியின் நிலை. படகு வந்தது. நானும் ஏறினேன். குறிகட்டுவான் துறை வரை அவர் தலை என் மடியில். என் கையை விடவேயில்லை.
"நீர் நேவியோ?"
"ஓம்."
கண்ணை மூடிக்கொண்டார்.

திங்கள்
ஆள் உயிர் தப்பிவிட்டார். நல்லது. உண்மையாகவே நல்லது.

செவ்வாய்
மாப்பிள்ளையின் தகப்பன் அம்மாவுக்குப் போன். கலியாணம் சம்மதம். "மூத்த பிள்ளை செய்தது பெரிய உபகாரம். ஆனா கலியாணத்தில முன்னுக்கு நிக்காட்டி நல்லம். சனம் கதைக்கும்."
அம்மா "ஓம், ஓம்" என்றார். ஒரு "ஏன்" கூட இல்லை.
வதனி: "அக்கா, கோவிக்காதேங்கோ."
கத்தினேன். "மனிசியைக் கடல் கடத்த நான் வேணும், கலியாணப் படத்தில நான் வேண்டாமோ?"
அம்மா அழுதார். "உன்ர மாமாவைப் பிடிச்சுக்கொண்டு போனவங்களும் யூனிபோர்மோடதானே வந்தவங்கள்."
தெரியும். தெரிந்துகொண்டுதான் சேர்ந்தேன். அப்பா செத்த வருடம், வீட்டில் வேறு வழி இல்லை. போ என்று சொன்னதும் அம்மாதான்.
பையைத் திறந்து வெள்ளை யூனிபோர்மை எடுத்துத் தோய்த்தேன். தெருப்பக்கக் கொடியில், மதிலுக்கு மேலால் தெரிய விரித்துப் போட்டேன்.
"உள்ளுக்குப் போடு பிள்ளை, சனம் போகுது."
"ஏலாது."
கொஞ்சநேரத்தால் வதனி வந்தாள். காற்றுக்குப் பறக்காமல் இன்னும் இரண்டு கிளிப் மாட்டிவிட்டுப் போனாள்.